எஃப் பன்னெண்டும் நான் படிக்காமல் விட்ட பெயரும்

கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, ஒரு ஆளை அவ்வளவு வேகமாகத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் அவரைத் தவிர வேறு யாரும் பிறந்ததில்லை. போலீஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போலீஸுக்கு ஒரு போட்டோவாவது வேண்டும். இவருக்குப் பட்டப்பெயர் போதும். அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் ஆளின் அப்பா பெயர், ஊர், எந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான், இப்போது எந்த ஊரில் தொப்பை வளர்க்கிறான் என்பது வரை சொல்லிவிடுவார். அப்போதும் கம்ப்யூட்டரைப் பார்க்கமாட்டார். ஜன்னலைப் பார்ப்பார். ஒரு தடவை அடித்தது அவருக்கு மனப்பாடம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் ‘எஃப் பன்னெண்டு’. அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. அதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குப் பின்னால் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். செங்கல்பட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் முன்னாள் மாணவர் சங்கத்தில் நான் ஆபீஸ் உதவியாளன். பழைய லேப் ரூம்தான் ஆபீஸ். அமிலம் கொட்டிய மேஜை மேல், மஞ்சள் துண்டு போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் செட்டிலான யாரோ வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் அதில் ஏற்றிவிட வேண்டும், யார் யாரைத் தேடினாலும் உடனே கிடைக்க வேண்டும் என்பது செயலாளரின் கனவு. அவர் பொதுப்பணித்துறையில் இன்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் கட்டி முடித்துத் திறப்பு விழா வைத்தால்தான் தூக்கம் வரும்.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அந்த வேலைக்கு இரண்டு நிபந்தனை இருந்தது. அதே பள்ளியில் படித்திருக்க வேண்டும், பத்தாவது தேறியிருக்க வேண்டும். முதலாவது உண்மை. இரண்டாவதற்கு, சர்டிபிகேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். கரையான் தின்னவில்லை. தின்பதற்கு சர்டிபிகேட்டே கிடையாது. நான் ஒன்பதாவதோடு நின்றவன்.

ஊரில் பலர் வறுமையால் படிப்பை விட்டார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் பயத்தால் விட்டேன். ஒன்பதாவது அரைப்பரீட்சைக் கணக்குப் பேப்பரைத் திருத்திக் கொடுக்கும் நாளன்று, புத்தகப் பையோடு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஆனதும், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பார்களே என்ற பயம் சேர்ந்துகொண்டது. ஒரு மாதம் ஆனதும் அந்தப் பயத்துக்கே பயந்துகொண்டு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போய்விட்டேன். பேப்பரில் எத்தனை மார்க் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஆபீஸுக்குத்தான் எஃப் பன்னெண்டு வந்து சேர்ந்தார். மறைமலைநகரில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்டோர் சாமான்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெயின்ட் பிரஷ் இருக்கும், கீபோர்டின் இடுக்கில் தூசி தட்ட. வந்த முதல் நாளே மவுஸைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். கீபோர்டை விட்டுக் கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, அம்பை நகர்த்தி, மறுபடி கையைக் கொண்டுவருவதற்குள் ஒரு ஆளைக் கண்டுபிடித்து அவனோடு டீயே குடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. செயலாளர் வந்து மவுஸ் எங்கே என்று கேட்டார்.

“அது லீவுல கீது சார்.”

அதற்குப் பிறகு, ஆர்மோனியத்தில் கட்டைக்கு ஒரு ஸ்வரம் இருக்கிற மாதிரி, கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் எஃப் பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்தார். எஃப் இரண்டை அழுத்தினால் பெயரை வைத்துத் தேடும். எஃப் மூன்று அப்பா பெயர். எஃப் நான்கு ஊர். எஃப் ஆறு பட்டப்பெயர். இந்த எஃப் ஆறுக்கு செயலாளர் கடுமையாக ஆட்சேபித்தார், சங்கத்தின் கௌரவம் என்ன ஆவது என்று. எஃப் பன்னெண்டு விட்டுக்கொடுக்கவில்லை. கூடப் படித்தவனின் இனிஷியல் எவனுக்கு ஞாபகம் இருக்கும், பட்டப்பெயர்தானே சுடுகாடு வரைக்கும் வரும் என்றார். பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு எஃப் எட்டு. காலமானவர்களுக்கு எஃப் ஒன்பது. அதை அழுத்துவதற்கு முன் மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். ஒரு நாளில் மூன்று கடிதம் அப்படி வந்தால் மூன்று முறை கழற்றுவார். எல்லாவற்றுக்கும் மேலே எஃப் பன்னிரண்டு. அதை அழுத்தினால் அட்மிஷன் ரெஜிஸ்டரின் அடுத்த வரிசை நம்பர் தானாகவே வந்து விழும். நாளெல்லாம் அதை அழுத்தி அழுத்தி அந்தப் பட்டனில் இருந்த எழுத்து அழிந்துபோனது. அவர் பெயரும் அதுவாகிப்போனது.

பம்பாயிலிருந்து ஒருத்தர் போன் செய்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனைத் தேடுகிறார். பெயர் மறந்துவிட்டது, ‘இட்லி’ என்று கூப்பிடுவோம் என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. எஃப் பன்னெண்டின் விரல் ஏற்கெனவே எஃப் ஆறுக்குப் போய்விட்டு வந்திருந்தது.

“எந்த இட்லி சார்? நம்மகிட்ட மொத்தம் பதினோரு இட்லி கீது. ஊர் சொல்லுங்க.”

திருப்போரூர் பக்கம் என்றதும் இட்லி ஒன்றாகக் குறைந்தது. பம்பாய்க்காரர் போனிலேயே அழுதார். இவர் ஜன்னலைப் பார்த்தபடி, அந்த இட்லிக்கு இப்போது மூன்று பேத்தி என்று சேர்த்துச் சொன்னார்.

எங்கள் வேலை முறை இதுதான். பழைய அட்மிஷன் ரெஜிஸ்டர்களை நான் சத்தமாகப் படிப்பேன். பெயர், அப்பா பெயர், ஊர், கடைசியில் குறிப்பு. அவர் அடிப்பார். நம்பரை மட்டும் படிக்க வேண்டாம் என்பது உத்தரவு. “அத எஃப் பன்னெண்டு பாத்துக்கும் நைனா” என்பார், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. தேறி வெளியே போனவர்களை மட்டும் ஏற்றினால் போதாதா என்று செயலாளர் ஒரு தடவை கேட்டார். எஃப் பன்னெண்டு ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

“ஒரு நாள் வந்து குந்திட்டுப் போனவனும் ஸ்டூடண்ட்தான் சார். அவன ஏன் வுடணும்?”

அவர் என் பக்கம் பேசியிருக்கிறார். எனக்கு அன்று அது புரியவில்லை. போச்சு என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் ரெஜிஸ்டர்கள் வருஷ வாரியாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. நான் சேர்ந்த வருஷத்து ரெஜிஸ்டர் அலமாரியில் நான்காவதாக இருந்தது. பிறகு மூன்றாவதாக வந்தது. அவர் எஃப் எட்டை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதல் நாளே அந்த ரெஜிஸ்டரை எடுத்து என் வரியைப் பார்த்துவிட்டேன். குறிப்புப் பகுதியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘ஒன்பதாம் வகுப்பு. நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கம்.’

அந்த நாளும் வந்தது. எனக்கு முந்தைய பையனின் பெயரைப் படித்தேன். அவர் அடித்தார். எஃப் பன்னிரண்டை அழுத்திவிட்டு, சொல்லு என்று காத்திருந்தார். நான் ஒரு தும்மல் தும்மினேன். தும்மி முடித்து, எனக்கு அடுத்த பையனின் பெயரைப் படித்தேன்.

அவ்வளவுதான். ஒரு தும்மல்.

நான் ஒரு பெயரை மட்டும்தான் மறைத்தேன் என்று நினைத்தேன். என் நம்பர் எனக்கு அடுத்தவனுக்குப் போனது. அவன் நம்பர் அவனுக்கு அடுத்தவனுக்கு. இப்படியே அந்த ரெஜிஸ்டர் முடியும் வரை ஒவ்வொருவனும் முன்னால் இருந்தவனின் நம்பரில் போய் உட்கார்ந்துவிட்டான். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கணக்குப் பேப்பரை வாங்காமலே ஓடியவனுக்கு எப்படி உறைக்கும்?

அடுத்து, முந்தைய ரெஜிஸ்டர்காரர்களுக்கு அனுப்பியது போலவே இவர்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினோம். டி.சி.யில் இருக்கும் அட்மிஷன் நம்பர், பட்டப்பெயர், இப்போதைய விவரம் எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னோம். படிவம் வரவர நான் நம்பரைப் படிப்பேன். அவர் நம்பரை அடித்து, விவரத்தை ஏற்றுவார். திரையில் யார் பெயர் வந்திருக்கிறது என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அவர்தான் பார்க்கமாட்டாரே. அது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

செயலாளர் திறப்பு விழா வைத்தார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் பந்தல். சரியாக அந்த ரெஜிஸ்டர்காரர்களுக்குத்தான் முதல் அழைப்பு. என்னோடு படித்தவர்களும் வருவார்கள் என்பதால் நான் மீசையை எடுத்துவிட்டுப் போனேன். மீசை இல்லாமல்தான் நான் ஒன்பதாவது வரை படித்தேன் என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. விழா முழுக்கப் பந்தல் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றேன்.

கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த நீளமான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் ஒவ்வொருவரையும் பட்டப்பெயரோடு மேடைக்கு அழைத்தார். ஆறடி உயரத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ‘அழுமூஞ்சி’ என்று அழைக்கப்பட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்த எல்லோரையும் ஞாபகம் வைத்துக்கொள்வது போல ஒரு பார்வை பார்த்தார். உண்மையான அழுமூஞ்சி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். தன் பெயர் கழன்று இன்னொருத்தன் தலையில் விழுந்ததில் அவர் முகத்தில் அப்படி ஒரு விடுதலை. வாயே திறக்கவில்லை. ‘பம்ப்செட்’ என்று ஒரு பல் டாக்டரும், ‘ஓணான்’ என்று நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு வக்கீலும் அழைக்கப்பட்டார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. யாரோ வேண்டுமென்று விளையாடுகிறார்கள் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

பிறகு செயலாளர் குரலைத் தாழ்த்தி, மறைந்த நண்பர் திருக்கழுக்குன்றம் வேதகிரிக்கு இரண்டு நிமிடம் மௌனம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம். கடைசி வரிசையில் அப்போதுதான் மனைவியோடு வந்து சேர்ந்த ஒருவர், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும்விட விறைப்பாக, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மௌனம் முடிந்ததும் செயலாளர் மறைந்தவரின் விவரத்தை வாசித்தார். அப்பா பெயர் வந்தது. கடைசி வரிசைக்காரர் வகுப்பில் கேட்பது போலக் கையைத் தூக்கினார்.

“சார், அது நான்தான்.”

திருக்கழுக்குன்றத்தில் தெருவுக்கு நாலு வேதகிரி என்பதால், வேறு எவனோ பாவம் என்று நினைத்து நின்றாராம். அழைப்புகூட வரவில்லை, நண்பன் சொல்லித்தான் வந்தேன் என்றார். அவர் மனைவிக்குத்தான் தாங்கவில்லை.

“பட்டுப்பொடவ கட்டிகினு ஆசையா வந்தா, வந்த எடத்துல காரியம் பண்றீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?”

பந்தலே சிரித்தது. வேதகிரியே சிரித்தார். நானும் கம்பத்துக்குப் பின்னால் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்தேன்.

அப்போது ஓரமாக ஒரு அம்மாள் எழுந்து வந்தார். கையில் எங்கள் அழைப்பிதழ். ரெஜிஸ்டரில் வேதகிரிக்கு முன்னால் இருந்தவரின் மனைவி. உண்மையில் போய்ச் சேர்ந்தவர் அவர் புருஷன்தான். படிவத்துக்குப் பதிலாக, அவருடைய டி.சி. நம்பரையும் எழுதி, அதைத் தெரிவித்து அவர்கள் கார்டு போட்டிருந்தார்கள். எஃப் பன்னெண்டு செருப்பைக் கழற்றிவிட்டு எஃப் ஒன்பதை அழுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அது வேதகிரி தலையில் விழுந்தது. இறந்தவர் கம்ப்யூட்டரில் உயிரோடு இருந்தார், அதனால் அவர் பெயருக்கே அழைப்பும் போனது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

“கார்டு போட்டும் அவர் பேருக்கே கடுதாசி வந்துச்சு. அவர நெனச்சு ஏதோ பண்றாங்க போலன்னு வந்தேன்.”

எஃப் பன்னெண்டு முதல் வரிசையிலிருந்து எழுந்தார். செயலாளர் கையிலிருந்த பட்டியலை வாங்கி, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். நான் தும்மிய இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டாலும் அந்த முடிச்சை அப்படியே வரைந்து காட்டுவேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். சுடுகிற மணலில் வெறுங்காலோடு அந்த அம்மாளிடம் போய்க் கையைக் கூப்பினார். “தப்பு நம்ளுதும்மா. ஸ்கிரீன பாக்காம அடிச்சிட்டேன்” என்றார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் செயலாளர் கத்தியபோதும் அதையேதான் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கத்தல் பாதியாகக் குறைந்திருக்கும். மீதிப் பாதி என் பங்கு. வேலை போய்விடுமே என்று அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு பகல் மட்டும் இருந்து, கீபோர்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். டிராயர் சாவியை என் கையில் கொடுத்தபோதும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சதுரங்கப்பட்டினம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறார் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து யாரையோ தேடப் போய், அந்த ரெஜிஸ்டரின் பெயர்களைத் திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அழுமூஞ்சி அழுமூஞ்சியாக இருந்தார், வேதகிரி உயிரோடு இருந்தார், அந்த அம்மாளின் புருஷன் மறைந்திருந்தார். போகிற அன்றைக்கு உட்கார்ந்து அத்தனையையும் ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் ஒரே ஒரு நம்பருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்தது. என் நம்பர்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யோசித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். வா நைனா, நாஸ்தா ஆச்சா என்றார். நான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். எல்லாம் அன்றைக்கே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உன் வேல பூடும். நமக்கு இன்னா, விரலு கீது, எங்கனா பொழச்சிக்கலாம். அதுவும் இல்லாம நீ வுட்டது ஒரு பேருதான். மீதி அத்தனையும் பாக்காம அடிச்சது நான்தானே.”

“எல்லாத்தையும் சரி பண்ணீங்களே அண்ணாத்த. என் பேரையும் ஏத்தியிருக்கலாமே.”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“நீ படிக்காம நான் எப்டி அடிப்பேன்?”

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால் ஆபீஸைத் திறந்தேன். ரெஜிஸ்டரைப் பிரித்து, காலி ரூமில் என் பெயரைச் சத்தமாகப் படித்தேன். அப்பா பெயர். ஊர். சிவப்பு மைக் குறிப்பு முழுவதையும் படித்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். கடைசியில் எஃப் எட்டை அழுத்தினேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

பிறகு செயலாளர் வந்ததும் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாவது பாஸ் இல்லை என்பதில் ஆரம்பித்து, தும்மல் வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒன்பதாவதா? இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேப்பா” என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூடத் தேவலை. எதற்குப் பயந்து ஒரு மனிதனை விட்டுக்கொடுத்தேனோ, அது இவ்வளவுதான். அன்று மாலையே செயலாளர் தன் கையால் கடிதம் எழுதி எஃப் பன்னெண்டைத் திரும்பி வரச் சொன்னார். வரவில்லை. கடை பழகிவிட்டது, கடல்காற்றும் பழகிவிட்டது என்று போனில் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. எனக்கு அவர் கோபப்பட்டிருக்கலாம் என்று இருந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏதோ ஒரு பயம் எனக்கு இருக்கத்தான் செய்தது. பயமே தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான். அந்த மனுஷனிடம் போய்ப் பயந்தேன் நான்.